பழைய ஒரிஜினலா, புது டூப்ளிகேட்டா? மலையில் பைக் ஓட்டுபவரின் கணக்கு

கோத்தகிரியில் 2009 மாடல் ஸ்பிளெண்டர் ஒன்றை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கும் நேரத்தில் பின் ஹப் (சக்கரத்தின் நடுவில் பிரேக் டிரம்மோடு சேர்ந்திருக்கும் பகுதி), கார்புரேட்டர், செயின் செட், இன்னும் சில்லறை வேலைகள் என்று பட்டியல் நீண்டது. எல்லாவற்றையும் ஷோரூம் பார்ட்ஸாகவே போட்டால், வண்டியை விற்றால் கிடைக்கும் காசில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். மிச்சம் இருந்தது இரண்டு வழி. கம்பெனி பெயர் போட்ட டப்பாவில் பாதி விலைக்கு வரும் டூப்ளிகேட், அல்லது கோவை உக்கடம் பக்கம் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும் கழற்றின ஒரிஜினல். நான் இரண்டாவதையே எடுத்தேன். இன்னொரு முறை கேட்டாலும் அதையேதான் எடுப்பேன். ஆனால் எல்லா பார்ட்ஸுக்கும் அது பொருந்தாது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கம்பெனி பார்ட்ஸ் இல்லாததெல்லாம் டூப்ளிகேட் ஆகிவிடாது. தன் சொந்தப் பெயரை அச்சடித்து விற்கிற வெளிக் கம்பெனிகள் உண்டு. அவற்றில் பல, வண்டிக் கம்பெனிகளுக்கே சப்ளை செய்பவை. ரோலான் செயின் தயாரிக்கும் எல்.ஜி. பாலகிருஷ்ணன் நிறுவனம் நம் கோவைக்காரர்களுடையது. அந்த மாதிரிச் சரக்கை வாங்குவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. டூப்ளிகேட் என்று நான் சொல்வது அடுத்தவன் பெயரையும் லோகோவையும் திருடி ஒட்டியதை மட்டும்தான். செய்தவன் யார், எந்தப் பட்டறையில் செய்தான், என்ன இரும்பு போட்டான் என்று யாருக்கும் தெரியாது. கெட்டுப்போனால் யாரைப் போய்க் கேட்பது?

விலையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அலைச்சல் என்று பார்த்தால் டூப்ளிகேட் ஜெயிக்கும். பக்கத்துக் கடையிலேயே கிடைத்துவிடும். பழசு வேண்டுமென்றால் மலை இறங்கி, கடை கடையாக ஏறி, கையெல்லாம் கிரீஸாகித்தான் திரும்ப வேண்டும். பளபளப்பிலும் டூப்ளிகேட்தான் முன்னால் நிற்கும்.

என்னைப் பழசின் பக்கம் சாய்த்த காரணம் ஒன்றே ஒன்று. பழைய பார்ட்டை மாட்டுவதற்கு முன்பே அதன் நிலைமையைப் பார்த்துவிடலாம், அளந்துவிடலாம். டூப்ளிகேட்டின் குறை சூடு ஏறினால்தான் வெளியே வரும். அந்தச் சூட்டை நம் மலை ரோடு தாராளமாகவே கொடுக்கிறது.

எவ்வளவு சூடு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 சொச்சம். வண்டியும் இரண்டு ஆளும் சேர்ந்து 250 கிலோ என்று வையுங்கள். முப்பது சொச்சம் கிலோமீட்டரில் அந்த எடையை 1,450 மீட்டருக்குக் கீழே இறக்கினால், கரைய வேண்டிய சக்தி கிட்டத்தட்ட ஒரு யூனிட் மின்சாரம். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியை ஒரு மணி நேரம் எரிய விட்டால் வருகிற சூடு அது. கொஞ்சம் காற்றில் போகும். ஏறின கியரிலேயே இறங்கினால் கணிசமான பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். மீதி முழுக்க முன்னும் பின்னும் இருக்கும் இரண்டு 130 மில்லிமீட்டர் டிரம்மின் தலையில்தான் விழும். கோவையில் ஓட்டுகிறவருக்கு ஒரு சிக்னலுக்கும் அடுத்த சிக்னலுக்கும் நடுவே டிரம் ஆறிவிடும். இங்கே ஒரு வளைவு முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. பின்னால் கேரட் மூட்டையோ தேயிலை மூட்டையோ ஏற்றியிருந்தால் கணக்கு இன்னும் ஏறும்.

டிரம்மின் உள்பக்கம் உரசி வண்டியை நிறுத்துவது பிரேக் ஷூ. இந்த இடத்தில்தான் டூப்ளிகேட் ஷூ மாட்டிக்கொள்கிறது. ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் பிரேக் லைனிங் என்பது நார், உராய்வுப் பொடி, இவற்றைப் பிடித்து வைக்கும் ரெசின் எல்லாம் கலந்து, அழுத்திச் சுட்டு எடுத்தது. ரெசின் மட்டமாக இருந்தாலோ சரியாக வேகாமல் இருந்தாலோ, சூடேறியதும் அதிலிருந்து ஆவி கிளம்பி லைனிங்குக்கும் டிரம்முக்கும் இடையே படலமாக நிற்கும். பெடலை மிதிப்பீர்கள், பெடலும் இறங்கும், வண்டி மட்டும் நிற்காது. ஆறின பிறகு கழற்றிப் பார்த்தால் லைனிங் கண்ணாடி மாதிரி மின்னும். மெக்கானிக் உப்புத்தாளில் தேய்த்து மாட்டித் தருவார். இரண்டு நாள் நன்றாகப் பிடிக்கும், அப்புறம் பழைய கதை. இதைவிடக் கெட்டது ஒன்று உண்டு. லைனிங்கை அலுமினிய ஷூவில் ஒட்டியிருக்கும் பசை விட்டுப்போனால், துண்டு பெயர்ந்து டிரம்முக்குள் சிக்கிச் சக்கரத்தையே இறுக்கிவிடும். இவற்றில் எதையும் கடை கவுண்டரில் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஊருக்குள் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தாலும் தெரியாது.

பழைய பிரேக் ஷூ வாங்கலாமா என்றால், கூடவே கூடாது. வேறொரு டிரம்முக்கு ஏற்பத் தேய்ந்தது, எண்ணெய் குடித்திருக்கவும் கூடும். பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், பேரிங், கேபிள் என்று தேய்வதற்காகவே இருக்கும் சாமான்களில் பழசும் வேண்டாம், டூப்ளிகேட்டும் வேண்டாம். கம்பெனி பார்ட்ஸோ, பெயர் தெரிந்த வெளிக் கம்பெனியுடையதோ புதிதாகப் போடுங்கள். பிரேக் ஷூ சில நூறு ரூபாய் விஷயம். அதில் பாதியை மிச்சம் பிடித்து என்ன செய்வது?

ஹப் விஷயம் வேறு. அது வார்ப்பு அலுமினியம், உள்ளே இரும்பு வளையம். அதன் ஆயுள் முழுக்க அந்த வளையத்தின் தேய்மானத்தில் இருக்கிறது. பல ஹப்களில் அதிகபட்சம் எவ்வளவு விட்டம் வரை தேயலாம் என்று உள்பக்கமே பொறித்திருப்பார்கள். 130 மில்லிமீட்டர் டிரம் என்றால் வழக்கமாக 131. ஒரு வெர்னியரை (நுணுக்கமாக அளக்கும் அளவுகோல்) கையோடு கொண்டுபோய், உள்விட்டத்தை மூன்று இடத்தில் அளந்தேன். மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒரு இடத்தில் கூடி இன்னொரு இடத்தில் குறைந்தால் டிரம் முட்டை வடிவத்துக்குப் போய்விட்டது என்று பொருள். அடுத்து நகத்தை வைத்து உள்ளே வருடிப் பார்க்க வேண்டும். நகம் தட்டுகிற அளவுக்கு வரி இருந்தால் வேண்டாம். பேரிங் உட்காரும் குழியில் பழைய பேரிங் இறுக்கமாக நிற்கிறதா, விரலால் தள்ளினாலே கழன்று வருகிறதா என்று பாருங்கள். விரலுக்கே வந்தால் அந்த ஹப்பைக் கீழே வைத்துவிடலாம். கடைசியாக ஸ்போக் துளைகளைச் சுற்றி முடி கனத்தில் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும்.

கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டிய ஹப் துடைத்து வைத்தது மாதிரி இருந்தது, வெர்னியர் வைத்தால் 131ஐத் தாண்டியது. "மலை வண்டிதுங்ணா, அப்படித்தான் இருக்கும்" என்றார், சாதாரணமாக. அழுக்கு மண்டிக் கிடந்த மூன்றாவதுதான் 130க்கு ஒட்டி வந்தது. அதனால் ஒரு யோசனை: பழசு எடுக்கும்போது சமவெளியில் ஓடிய வண்டியுடையதாகக் கேளுங்கள். டிரம் தேய்மானமும் குறைவு, மூடுபனியிலும் மழையிலும் ஊறி வந்த துருவும் குறைவு. இங்கேயே கழற்றின சாமானை இங்கேயே வாங்குவது சுலபம்தான், ஆனாலும் நான் தவிர்த்துவிடுவேன்.

கார்புரேட்டரிலும் இதே கதை, மலைக்கே உரிய ஒரு சிக்கலோடு. 1,800 மீட்டரில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. அதனால் எந்த கார்புரேட்டரும் இங்கே கொஞ்சம் பெட்ரோல் அதிகமாகத்தான் கொடுக்கும், பிளக் கறுக்கும். டூப்ளிகேட்டில் பெட்ரோல் வரும் ஜெட் துளை நூலளவு பெரிதாக இருந்தால் இந்தக் கறுப்போடு அதுவும் சேர்ந்துகொள்ளும். எது மலையின் வேலை, எது போலி ஜெட்டின் வேலை என்று பிரிக்கவே முடியாது. மெக்கானிக் ஸ்க்ரூவைத் திருகித் திருகி அலுத்துப்போவார், நீங்கள் மைலேஜ் போச்சே என்று புலம்புவீர்கள். பழைய ஒரிஜினலில் ஜெட் அளவு அதில் பொறித்த எண்படியே இருக்கும். யாராவது கம்பியை விட்டுக் குடையாத வரைக்கும். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் மேலே ஏறும் ஸ்லைடை வெளியே எடுத்து ஒருபக்கம் தேய்ந்து பளபளக்கிறதா என்று பாருங்கள், திரும்ப உள்ளே விட்டு ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் குறைவாக இருந்தால் எடுக்கலாம். ஃப்ளோட் நீடில், கேஸ்கெட் இரண்டையும் புதிதாக மாற்றிவிட்டால் போதும்.

செயினுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்த வண்டிகளில் வரும் 428 செயினில் ஒரு கண்ணிக்கு 12.7 மில்லிமீட்டர். 20 கண்ணி இழுத்து அளந்தால் 254 வர வேண்டும். 258, 259 என்று போய்விட்டால் அதன் காலம் முடிந்தது. அளந்து பார்க்க முடிகிறது என்பதற்காகப் பழைய செயின் வாங்காதீர்கள். நீண்ட செயின் புது ஸ்பிராக்கெட்டையும் (பல் சக்கரம்) சேர்த்துத் தின்றுவிடும். செட்டாகப் புதிது போடுவதுதான் லாபம்.

கண்ணாடி, சீட் கவர், ஃபுட்ரெஸ்ட் ரப்பர், இண்டிகேட்டர் மூடி இவற்றில் எது கிடைக்கிறதோ அதைப் போட்டுக்கொள்ளலாம். இதற்கெல்லாம் நான் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை.

டூப்ளிகேட்டைக் கண்டுபிடிக்க லேபிளைப் பார் என்பார்கள். எம்.ஆர்.பி., பேக் செய்த மாதம், ஹோலோகிராம், ஸ்கேன் செய்யும் குறி எல்லாம் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஒரிஜினல் டப்பாவிலேயே போலியைப் போட்டுத் தருகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் ஆயில் மாற்றினால் காலி டப்பாவில் ஓட்டை போட்டுவிட்டு வருகிறேன், கழற்றிய பார்ட்ஸின் அட்டைப்பெட்டியைக் கிழித்துவிடுகிறேன். அடுத்தவன் பெயரில் போலி விற்பது 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டப்படி குற்றம். 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறையும் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இருந்தும் சரக்கு நிற்கவில்லை. 2025 செப்டம்பரில் பார்ட்ஸுக்கான ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாக இறங்கிய பிறகு, சின்னச் சாமான்களில் ஒரிஜினலுக்கும் போலிக்கும் உள்ள இடைவெளி சுருங்கியிருக்கிறது. தேய்கிற சாமானைக் கம்பெனியிலேயே எடுக்க அதுவும் ஒரு காரணம்.

பழசில் உள்ள பெரிய ஆபத்து திருட்டுச் சரக்கு. ஹப், சீட், கார்புரேட்டரில் எண் எதுவும் ஆர்.சி.யோடு ஒட்டிக்கொண்டில்லை. இன்ஜினின் வெளிக்கூடான கிராங்க் கேஸ் அப்படி இல்லை. இன்ஜின் எண் ஆர்.சி.யிலேயே இருக்கிறது, மாற்ற வேண்டுமென்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறையாகச் சொல்லியாக வேண்டும். பில் இல்லாமல், எண்ணைச் சுரண்டியோ தேய்த்தோ வைத்திருக்கும் கேஸை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினால், 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு உங்கள் மேலும் பாயும். ஹப்புக்குக்கூட நான் ஒரு துண்டுச்சீட்டில் கடைப் பெயரோடு எழுதி வாங்கிக்கொண்டேன். கடைக்காரர் சிரித்தார், எழுதிக் கொடுத்தார்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 (புதிய புகை விதி) வண்டிகள், பிரேக் போட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். உள்ள பெரிய வண்டிகள் பற்றி அடித்துச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. சென்சாரையோ ஏ.பி.எஸ். யூனிட்டையோ நகத்தால் வருடி, வெர்னியரால் அளந்து தெரிந்துகொள்ள முடியாது என்பதால் என் வாதம் அங்கே பலமிழந்துவிடுகிறது. என் வண்டியிலேயே, பிளக்குக்குப் பொறி கொடுக்கும் மின்னணுப் பெட்டியான சி.டி.ஐ. யூனிட் அந்த வகைதான். அது ஒன்றை மட்டும் பழசு வாங்கும்போது, சும்மா ஸ்டார்ட் செய்து காட்டியதோடு விடாமல், மாட்டி அரை மணி நேரம் இன்ஜினைச் சூடேற்றி ஓட்டிப் பார்க்கச் சம்மதித்த கடையில் மட்டும் எடுத்தேன். சூட்டில் கட் ஆனால் திருப்பித் தரலாம் என்று பேசிக்கொண்டோம். அந்தச் சம்மதம் கிடைக்காத இடத்தில் புதிதாகவே வாங்கிவிடுங்கள்.