மேல்மூடி கழலுமா? மதுரை வெயிலுக்கு ஏற்ற பூனைப் பெட்டி

மதுரையில் பூனையை டாக்டரிடம் கொண்டுபோக இன்றும் அதிகம் உழைப்பது கட்டைப்பைதான். ஜவுளிக்கடைப் பைக்குள் பூனையைத் திணித்து, வாயைச் சணல் கயிற்றால் கட்டி, தலை மட்டும் வெளியே தெரிய ஆட்டோவில் ஏறிவிடுகிறார்கள். சிம்மக்கல்லில் ஏறி ஏ.வி. பாலம் தாண்டுவதற்குள் பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தால் போதும், பை கிழியும், பூனை பாலத்தில் இறங்கி ஓடும். அட்டைப்பெட்டியும் அப்படித்தான். பயத்தில் பூனை மூத்திரம் போனதும் அடிப்பக்கம் ஊறிப் பிய்ந்துவிடும்.

கடையில் கிடைப்பவை மூன்று வகை: கெட்டி பிளாஸ்டிக் பெட்டி, வலை வைத்த துணிப்பை, முதுகில் மாட்டும் கண்ணாடிக் குமிழ்ப் பை. குமிழ்ப் பை படத்துக்கு அழகு. சித்திரை வெயிலில் அந்தக் குமிழுக்குள் சூடு இறங்கி அங்கேயே தேங்கும், சுற்றியுள்ள நாலைந்து ஓட்டை போதாது. பூனைக்கு உடம்பு முழுக்க வியர்க்காது. அது நாய் மாதிரி வாயைத் திறந்து மூச்சு வாங்க ஆரம்பித்தால் நிலைமை ஏற்கெனவே கைமீறிக்கொண்டிருக்கிறது. ஒளியவும் இடமில்லாமல் நாலு பக்கமும் தெருவைப் பார்த்துக்கொண்டே வரவேண்டும். இந்த ஊருக்கு இது வேண்டாம்.

துணிப்பை இலேசு, மடித்து வைக்கலாம். குட்டிக்கும் மூன்று கிலோவுக்குள் இருக்கும் சாதுவான பூனைக்கும் சரி. ஜிப்பின் இரண்டு இழுப்பான்களையும் சேர்த்துக் கொக்கி மாட்ட வழி இல்லாத பையை எடுக்காதீர்கள், பூனை நகத்தாலேயே திறந்துவிடும்.

காசு போடவேண்டியது பிளாஸ்டிக் பெட்டிக்கு. ஆனால் எல்லாப் பெட்டியும் ஒன்றல்ல. முன்கதவு மட்டும் உள்ள பெட்டியில் பூனை நாலு காலையும் சுவரில் ஊன்றிக்கொள்ளும். வெளியே எடுக்க இழுக்கவேண்டும், இல்லை பெட்டியைக் கவிழ்க்கவேண்டும். இரண்டுமே கடியில்தான் முடியும். மேல்பாதி முழுதாகக் கழலும் பெட்டியை வாங்குங்கள். டாக்டர் மூடியை மட்டும் எடுத்துவிட்டு, பூனை தன் துணிமேல் உட்கார்ந்தபடியே காய்ச்சல் பார்க்கலாம், ஊசி போடலாம். பூனையின் இயல்பான சூடு 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை. மிரண்ட பூனைக்குச் சூடு, ரத்த அழுத்தம், ரத்தச் சர்க்கரை எல்லாமே ஏறிக் காட்டும். இல்லாத சர்க்கரை நோயை இருப்பதாகக் காட்டவும் இந்தப் பயம் போதும்.

மூடி கிளிப்பில் மாட்டுவதா, திருகாணியில் மாட்டுவதா என்று பாருங்கள். கிளிப் என்றால் மருத்துவமனை மேசையில் சத்தமில்லாமல் பத்து நொடியில் கழற்றலாம். ஆனால் மொட்டை மாடியில் வெயிலில் போட்டுவைத்தால் ஒரு கோடைக்குள் நொறுங்கிவிடும், வீட்டுக்குள் வையுங்கள். நாலு கிலோப் பூனைக்குச் சுமார் 19 அங்குல நீளம், 12 அங்குல அகலம் போதும்: எழுந்து நிற்கவேண்டும், திரும்பவேண்டும், அவ்வளவுதான். காற்றோட்டம் மூன்று பக்கமாவது இருக்கட்டும். கடையிலேயே ஐந்து கிலோ அரிசிப் பையை உள்ளே வைத்துத் தூக்கி ஆட்டிப் பாருங்கள். கதவின் கம்பிமுனை குழியில் சரியாக உட்காராவிட்டால் அப்போதே தெரிந்துவிடும். கைப்பிடியை மட்டும் நம்பாமல் அடியில் ஒரு கை கொடுத்துத் தூக்குங்கள், ஊஞ்சல் மாதிரி ஆடும் பெட்டி எந்தப் பூனைக்கும் பிடிக்காது.

பெட்டியை வாங்கிப் பரணில் ஏற்றிவைத்தால் வாங்கிய காசு தண்டம். பரணிலிருந்து இறங்கும் சத்தத்திலேயே பூனை பீரோவுக்குப் பின்னால் போய்விடும். மூடியைக் கழற்றி, கீழ்ப்பாதியில் பூனை படுக்கும் பழைய துண்டை விரித்து, அது வழக்கமாகத் தூங்கும் மூலையில் இரண்டு வாரம் கிடக்க விடுங்கள். வேகவைத்த மீன் ஒரு துணுக்கு அதில் போடுங்கள். கருவாட்டுக்கு ஓடி வரும்தான், உப்பு அதிகம், வேண்டாம். தானாகப் போய்ப் படுத்த பிறகு மூடி, பிறகு கதவு, பிறகு பத்து நொடி சாத்துவது, பிறகு தூக்கித் தெருமுனை வரை. எந்தக் கட்டத்தில் மீனைத் தொட மறுக்கிறதோ, அங்கிருந்து ஒரு படி பின்னால் வாருங்கள்.

கிளம்பும் நாளில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு முன்பே தீனியை நிறுத்தினால் வழியில் வாந்தி குறையும். பெட்டிமேல் பழைய சுங்குடிச் சேலையைப் போடுங்கள். பருத்தி, காற்று போகும், கண்ணையும் மறைக்கும். ஆட்டோவில் எஞ்சின் பின் இருக்கைக்கு அடியில் அதிர்வதால் பெட்டியை மடியில் வைத்துக்கொள்வதே நல்லது. வெயில் ஏறுமுன் முதல் ஆளாகப் போய்விடுங்கள். சித்திரைத் திருவிழாவில் அழகரை வரவேற்கக் கூட்டம் கூடும் எதிர்சேவை நாளில் தல்லாகுளம் பக்கம் பெட்டியோடு போக நினைக்கவே வேண்டாம். காத்திருக்கும் இடத்தில் ஆடும் நாயும் நடமாடும் தரையில் பெட்டியை வைக்காதீர்கள். நாற்காலிமேல் வைத்து, கதவை உங்கள் பக்கம் திருப்புங்கள்.

இவ்வளவுக்கும் அடங்காத பூனைக்கு, வருமுன் கொடுக்க டாக்டர் பயத்தைத் தணிக்கும் கபபென்டின் என்ற மருந்தை எழுதித் தருவதுண்டு. புறப்பட இரண்டு மூன்று மணி நேரம் முன்பு கொடுப்பது வழக்கம். அளவை அவர்தான் சொல்லவேண்டும், சிறுநீரகக் கோளாறு இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். மருந்துக்கடையில் கவனம்: கபபென்டினோடு மெத்தில்கோபாலமின், நார்ட்ரிப்டிலின் என்ற வேறு மருந்துகள் கலந்த மாத்திரைகளே இங்கே அதிகம் கைக்கு வரும். கபபென்டின் மட்டும் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். கொடுத்த பிறகு நடை தள்ளாடும், மாடிப்படி, மதில் பக்கம் விடாதீர்கள்.

மூத்திரம் பட்ட பெட்டியை ஃபினாயிலாலும் டெட்டாலாலும் கழுவுவதுதான் பலரும் செய்யும் தப்பு. அவற்றிலுள்ள ஃபீனால் வகைப் பொருட்கள் பூனைக்கு நஞ்சு, பாதத்தில் பட்டதை நக்கியே உள்ளே போகும். சோப்புத் தண்ணீர், பிறகு நிழலில் காற்று. துண்டு இரண்டு எடுத்துப் போங்கள், ஒன்று திரும்பி வர.

வீட்டில் இன்னொரு பூனை இருந்தால், திரும்பி வந்ததன்மேல் மருத்துவமனை வாடை அடிக்கும், வீட்டிலிருந்த பூனை ஆளே தெரியாத மாதிரி அதைப் பார்த்துச் சீறும். சில மணி நேரம் தனி அறையில் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, வாடை போன பிறகு கதவைத் திறங்கள்.