கதிரியக்கப் பொருள்களை மாநிலமே கண்காணிப்பதா, அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையமான என்ஆர்சியிடம் விடுவதா?

அமெரிக்க அணுசக்திச் சட்டத்தில் 1959இல் சேர்ந்த 274ஆம் பிரிவுப்படி, மருத்துவமனை, ஆலைகளில் உள்ள கதிரியக்கப் பொருள்களுக்கு, மத்திய அரசோடு ஒப்பந்தம் போட்டு மாநிலமே உரிமம் தரலாம். 1962இல் கென்டக்கி மாநிலம் முதலில் அப்படி ஒப்பந்தம் போட்டது.

கட்டணம்: மாநிலத்தில் பெரும்பாலும் குறைவு. மத்திய ஆணையமான என்ஆர்சியில் அதிகம். சிறிய கிளினிக்குகளுக்கு அது பெரிய சுமை.

ஆய்வாளர்கள்: மாநிலத்தவர் என்றால் பக்கத்திலேயே இருப்பார்கள், உள்ளூர் நிலவரமும் தெரியும். ஆனால் சம்பளம் மாநில பட்ஜெட்டிலிருந்து வர வேண்டும். பயிற்சி பெற்ற நாலு பேர் விலகினால் ஆய்வுகள் தேங்கிவிடும். எனக்குப் பெரிய கவலை இதுதான். என்ஆர்சி அவ்வப்போது தணிக்கை செய்யும், தேவைப்பட்டால் அதிகாரத்தைத் திரும்பப் பெறும்.

அணு உலை: எப்படியும் என்ஆர்சிதான்.

உரிமதாரர்கள் நிறைய உள்ள மாநிலத்துக்கு ஒப்பந்தம் சரி. ஆளும் நிதியும் நிலையாக இல்லையென்றால் என்ஆர்சியிடமே விடுவது நல்லது.