50 எம்எம் லென்ஸா, ஃபிளாஷா: வீட்டு விசேஷத்துக்கு எதை முதலில் வாங்குவது?

கேமராவோடு கூடவே வரும் கிட் லென்ஸை வைத்துக்கொண்டு காதுகுத்து, வளைகாப்பு, கல்யாணம் என்று எடுப்பவர்கள் அடுத்து வாங்க நினைப்பது இரண்டில் ஒன்று: 50 எம்எம் எஃப்1.8 லென்ஸ், இல்லையென்றால் தலையைத் திருப்பக்கூடிய ஃபிளாஷ். ஊரே லென்ஸைத்தான் சொல்லும். வீட்டுக்குள் எடுப்பவருக்கு ஃபிளாஷ்தான் முதலில் என்பது என் கட்சி.

லென்ஸின் பலம் சாதாரணமானதல்ல. 18-55 கிட் லென்ஸை 55-க்கு நீட்டினால் எஃப்5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது). எஃப்1.8 அதைப்போல ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஐஎஸ்ஓ, அதாவது ஒளியுணர்வு எண், 6400-இல் இருந்தபோது புள்ளி புள்ளியாக வந்த படம், அதே ஷட்டர் வேகத்தில் 640-இல் சுத்தமாக வரும். ஓமத் தீயின் செம்மை முகத்தில் விழுந்தால் அப்படியே பதியும். ஃபிளாஷ் அடித்தால் அது போயே போச்சு.

சிக்கல் அடுத்து வருகிறது. இவ்வகைக் கேமராக்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி அளவுச் சென்சாரில் 2 மீட்டர் தள்ளி நின்று எஃப்1.8-இல் எடுத்தால், கூர்மையாக நிற்கும் ஆழம் சுமார் 11 செ.மீ.தான். மாப்பிள்ளை கண்ணில் ஃபோகஸ் வைத்தால், ஒரு சாண் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண் மங்கிவிடுவார். இரண்டு பேர் என்றால் எஃப்2.8-க்கு வந்து, இருவரும் ஒரே கோட்டில் வருமாறு நீங்கள் நகர வேண்டும். இன்னொன்று இடம். 3 மீட்டர் தூரத்தில் இந்த லென்ஸ் பார்ப்பது 1.3 மீட்டர் அகலம்; மூன்று பேர் தோளோடு தோள் நின்றால் முடிந்தது. பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் பின்னால் போகச் சுவர்தான் இருக்கும். விசேஷ வீட்டிலோ, “எல்லாரையும் சேர்த்து ஒண்ணு எடுப்பா” என்பதுதான் ஓயாத கோரிக்கை.

அந்தக் கோரிக்கைக்கு ஃபிளாஷ் பதில் சொல்லும், கிட் லென்ஸிலேயே. நேராக அடிக்கக் கூடாது: நெற்றியில் எண்ணெய் மினுக்கும், பின்சுவரில் கறுப்பு நிழல் விழும். தலையை மேலே தூக்கி, கொஞ்சம் உங்கள் பின்பக்கமாகச் சாய்த்து, சுவரும் கூரையும் சேரும் மூலையைப் பார்க்க வையுங்கள். செங்குத்தாக மேலே அடித்தால் கண்குழிகள் இருண்டுவிடும். கேமரா மேனுவலில் ஷட்டர் 1/100, எஃப்5.6, ஐஎஸ்ஓ 800, ஃபிளாஷ் டிடிஎல்-இல் (தேவையான வெளிச்சத்தைத் தானே அளந்து அடிக்கும் முறை). பத்தடி உயர வெள்ளைக் கூரைக்கு இது போதும், இரண்டு வரிசை ஆட்களும் தெளிவாக வருவார்கள்.

கூரை வெள்ளையாக இல்லாவிட்டால் கதை மாறும். பச்சைக் கூரை முகத்தையும் பச்சையாக்கும். கல்யாண மண்டபத்தின் உயரமான கூரையில் வெளிச்சம் பாதி வழியிலேயே தேய்ந்துவிடும். முழுச் சக்தியில் அடித்து அடித்து, தாலி கட்டும் நேரத்தில் ஃபிளாஷ் மறுபடி சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும். ஆல்கலைன் பேட்டரி போட்டிருந்தால் இன்னும் மெதுவு. ஆகவே, எடுப்பது பெரும்பாலும் மண்டபத்தில்தான் என்றால் என் கட்சி செல்லாது, லென்ஸையே வாங்குங்கள். லென்ஸில் வெளிச்சம் தாராளமாக இருக்கிறதே என்று ஷட்டரை 1/250-க்கு ஏற்றாதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும், படத்தில் பட்டை பட்டையாக இருள் விழும். 1/100 அல்லது 1/50 வைத்தால் தப்பிக்கலாம்.

கடைக்குப் போகும்முன் கேமராவைப் பாருங்கள். கேனான் 1500டி, 3000டி, 200டி மார்க் 2 ஆகியவற்றின் ஹாட் ஷூவில் (ஃபிளாஷை மாட்டும் இடம்) நடுப்பின் தொடர்பே கிடையாது. கோடாக்ஸ் டிடி600 போன்ற ஒற்றைப் பின் மேனுவல் ஃபிளாஷ் அவற்றில் அடிக்காது. கேனானுக்கான டிடிஎல் மாடலை உங்கள் கேமரா பாடியிலேயே மாட்டிச் சோதித்து வாங்குங்கள். நிக்கான் டி3500, டி5600-காரர்கள் 50 எம்எம்மில் ஏஎஃப்-எஸ் ஜி வகையைக் கேட்க வேண்டும். விலை குறைந்த ஏஎஃப்-டி வகை அந்தப் பாடிகளில் தானாக ஃபோகஸ் ஆகாது, கையால் திருக வேண்டியதுதான்.