பி.டி. வயல், மருந்தடித்த வயல், சும்மா விட்ட வயல்: சிலந்தி எங்கே அதிகம்?

பனி இறங்கிய காலையில் கோத்தகிரிப் பக்கம் ஒரு கோஸ் தோட்டத்துக்குள் போனால், கைக்குட்டைகளைக் காயப்போட்டது போலப் பாத்தி முழுக்கச் சின்னச் சின்ன வலைகள் தெரியும். வெயில் ஏறினால் எல்லாம் மறைந்துவிடும். வலை எங்கும் போகவில்லை. அதைக் காட்டிக்கொடுத்த நீர்த்துளிதான் காய்ந்துவிட்டது. இருபது வருடமாக மலைக்காய்கறி போடுகிறேன். தோட்டத்தில் எத்தனை சிலந்தி இருக்கிறது என்பது எனக்கே அந்த அரைமணி நேரத்தில்தான் தெரிகிறது. மருந்தடித்து இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் பாத்தி மொட்டையாக இருக்கும்.

அதனால், மரபணு மாற்றிய பயிர் வந்தால் சிலந்தியெல்லாம் செத்துப்போகும் என்று யாராவது சொன்னால் என்னால் பேசாமல் இருக்க முடிவதில்லை. ஒன்றுமே ஆகாது என்று அடித்துச் சொல்பவர்களிடமும் அப்படித்தான். எந்த வயலோடு ஒப்பிட்டுச் சொல்கிறீர்கள் என்று இரண்டு பேரையும் கேட்க வேண்டியிருக்கிறது.

மலையில் இந்த ஒப்பீட்டுக்கு வழியில்லை. நம் விவசாயிகள் சட்டப்படி விதைத்து விற்கும் மரபணு மாற்றுப் பயிர் பி.டி. பருத்தி ஒன்றுதான். பி.டி. என்பது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் பெயர்ச் சுருக்கம்; அதன் மரபணுவைச் சேர்த்ததால், புழுவைக் கொல்லும் நஞ்சைச் செடியே உண்டாக்கிக்கொள்ளும். அதற்கு 2002 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. பி.டி. கத்தரியை 2010 பிப்ரவரியில் நிறுத்திவைத்தார்கள். பருத்தியோ நம் குளிருக்கு வராது. ஆக, மேட்டுப்பாளையம் இறங்கி, அவிநாசிப் பக்கம் அக்கா வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

அப்போதெல்லாம் 450 கிராம் பி.டி. விதைப் பொட்டலத்தோடு 120 கிராம் சாதா பருத்தி விதையும் தனியாகக் கொடுப்பார்கள். அதை வயலைச் சுற்றி நட வேண்டும். பி.டி. நஞ்சுக்குப் புழு பழகிவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு. நிறையப் பேர் அந்தச் சின்னப் பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். மச்சான் நட்டார். "காசு குடுத்து வாங்குன விதைங்க மாப்ளே, வீசறதுக்கு மனசு வருமா?" என்றார். எனக்கு அது நல்லதாகப் போயிற்று. ஒரே வயலில் இரண்டு வகைச் செடியும் கிடைத்தன.

டீ குடிக்கிற பிளாஸ்டிக் கப்களை விளிம்பு மண்மட்டத்துக்கு வரும்படி புதைத்து, உள்ளே கொஞ்சம் சோப்புத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். தரையில் ஓடி இரை பிடிக்கும் ஓநாய்ச் சிலந்திகள் அதில் விழும். செடியில் இருப்பவற்றைக் கண்ணால்தான் எண்ண வேண்டும். காலெல்லாம் முள்ளாக, வலை கட்டாமல் இலைமேல் காத்திருந்து பாய்கிற லின்க்ஸ் சிலந்தி ஒன்று, காய்க்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புழுவைக் கவ்விக்கொண்டு அசையாமல் இருந்ததை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வரப்பில் ஓர் ஓநாய்ச் சிலந்தி, முட்டைப் பையைப் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஓடியது. குஞ்சு பொரிந்ததும் அவற்றையும் முதுகில் ஏற்றிக்கொண்டுதான் திரியும்.

பி.டி. வரிசைக்கும் சாதா வரிசைக்கும் நடுவே எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அதை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. மச்சான் இரண்டுக்கும் ஒரே டேங்க் மருந்தைத்தான் அடித்தார். அதுவும் போக, சிலந்திக்குக் கால் எட்டு. நாலு வரிசை தாண்டுவது அதற்குப் பெரிய வேலையா? சின்னத் துண்டுகளில் செய்யும் ஆய்வுகளுக்கும் இதே கதிதான். அங்கிருந்து இங்கே நடந்து வந்துவிடும், வித்தியாசம் கலங்கிப்போகும். "வேறுபாடு இல்லை" என்ற முடிவைப் படித்தால், துண்டு எவ்வளவு பெரியது என்று நான் முதலில் தேடுவது அதனால்தான்.

சரி, பெரிய ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2007இல் பி.டி. பருத்தி, பி.டி. மக்காச்சோள வயல்களில் நடந்த 42 கள ஆய்வுகளைச் சேர்த்து அலசி ஒரு கட்டுரை வந்தது. அதை மூன்று வயலாக வைத்துப் பார்க்க வேண்டும். பி.டி. வயலையும் பூச்சிமருந்து அடித்த சாதா வயலையும் வைத்துப் பார்த்தால், பி.டி. வயலில் மற்ற சிற்றுயிர்கள் பொதுவாக அதிகம். அதே பி.டி. வயலை, மருந்தே அடிக்காத சாதா வயலோடு வைத்துப் பார்த்தால், சில வகை உயிர்கள் பி.டி. வயலில் குறைவு. ஒரே வயல், ஒரே பயிர்; பக்கத்தில் எதை நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்து விடை தலைகீழாகிறது. இரண்டு கட்சிக்காரர்களும் தங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துப் பேசுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

மருந்தடித்த வயல் தோற்பதற்குக் காரணம் எளிது. சைபர்மெத்ரின், லாம்டா சைகலோத்ரின் வகை மருந்துக்குப் புழு, சிலந்தி என்ற பேதமில்லை. பட்டது எல்லாம் போகும். பி.டி. புரதத்தின் வேலை வேறு. காய்ப்புழுவின் குடலில் அதற்கென்று பிடிமானம் உண்டு. அங்கே ஒட்டிக் குடல் சுவரை ஓட்டையாக்கும். சிலந்தியின் உடலில் அந்தப் பிடிமானம் இருப்பதாகத் தெரியவில்லை. இலையைத் தின்ற பூச்சியைப் பிடித்துத் தின்னும்போது புரதம் சிலந்திக்குள்ளும் போகிறது. அதைச் சிலந்தி உடலிலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். அதனால் பெரிய கெடுதல் நடந்ததாக இதுவரை தெரியவில்லை.

சீனாவில் 1990 முதல் 2010 வரை, வடபகுதியில் 36 இடங்களில் எடுத்த கணக்கு இதை நன்றாகக் காட்டுகிறது. பி.டி. பருத்தி வந்தது, காய்ப்புழுவுக்கு மருந்து அடிப்பது குறைந்தது. பொறிவண்டு, கண்ணாடி இறக்கைப் பூச்சி, சிலந்தி எல்லாம் பெருகின, அசுவினி குறைந்தது. அதே நாட்டில், மருந்து குறைந்ததைப் பயன்படுத்திக்கொண்டு சாறு உறிஞ்சும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் பெருகியது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நம் நாட்டில் கதை அங்கேதான் திரும்பியது. இங்கே பி.டி. விதை பெரும்பாலும் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து தடவித்தான் வரும். தத்துப்பூச்சிக்கும் வெள்ளை ஈக்கும் தனியாக மருந்து அடிக்க வேண்டியிருந்தது. அப்புறம் இளஞ்சிவப்புக் காய்ப்புழு பி.டி. நஞ்சுக்குப் பழகிவிட்டது. குஜராத்தில் அது 2010இலேயே வெளியே தெரிந்தது. இந்தியப் பருத்தி விவசாயிகள் பி.டி. வருவதற்கு முன்பு மருந்துக்குச் செலவழித்ததைவிட இப்போது அதிகமாகச் செலவழிக்கிறார்கள் என்று பருத்தி ஆய்வாளர் கேசவ் கிராந்தியும் மானிடவியலாளர் கிளென் ஸ்டோனும் 2020இல் எழுதினார்கள். மருந்து திரும்பி வந்த பிறகு அந்த வயல் சிலந்திக்கு எப்படி வீடாகும்? விதை உறையில் பி.டி. என்று போட்டிருப்பதைச் சிலந்தி படிக்கப்போவதில்லை.

களைக்கொல்லி தாங்கும் பயிர் தனிக்கணக்கு. பிரிட்டனில் வயல்களைப் பாதி பாதியாகப் பிரித்து நடத்திய ஆய்வின் முடிவு 2003இல் வந்தது. பீட், கடுகு வகைப் பயிர்களில் மரபணு மாற்றிய பாதியில் களை குறைந்தது. மக்காச்சோளத்தில் கூடியது, ஏனென்றால் சாதா பாதியில் அட்ரசின் என்ற கடுமையான களைக்கொல்லியை அடித்திருந்தார்கள். களையை நம்பிய பூச்சிகள் களையோடு போயின. வலை கட்ட ஒரு குச்சியும், தின்ன ஒரு கொசுவும் இல்லாத தரையில் சிலந்திக்கு என்ன வேலை?

மூன்றில் எது என்று என்னைக் கேட்டால், சிலந்திக்காகப் பார்க்கையில் சும்மா விட்ட வயல்தான் முதலில், மருந்து குறைத்த பி.டி. வயல் அடுத்து, நாள் கணக்கு வைத்து மருந்தடிக்கும் வயல் கடைசியில். ஆனால் சும்மா விட்ட கோஸை மேட்டுப்பாளையம் மண்டியில் யார் எடுப்பார்கள்? வைரமுதுகுப் புழு இலையைச் சல்லடையாக்கிவிடும். அதனால் என் தோட்டத்தில் நான் தொட்டுப் பார்த்த வழி, அதே பி.டி. பாக்டீரியாவைப் பொடியாக வாங்கித் தெளிப்பது. வெயிலில் சில நாளில் வீரியம் போய்விடும், மறுபடி அடிக்க வேண்டும், கூலி கூடும். சாயங்காலம் அடித்தால் கொஞ்சம் நிற்கிறது. அடித்த பிறகும் காலையில் வலைகள் இருக்கின்றன. எனக்கு அது போதும். படிக்கட்டுப் பாத்திகளின் கரையில் புல்லையும் ஒரேயடியாகச் செதுக்குவதில்லை. மருந்தில் தப்பிய சிலந்தி அங்கிருந்துதான் திரும்பி வருகிறது. நூல் விட்டுக் காற்றில் வந்து இறங்கும் குஞ்சுகளும் அங்கேதான் முதலில் தங்குகின்றன.

போன வாரம் மச்சான் போனில் கூப்பிட்டார். இந்தப் போகத்துக்கு எந்த விதை போடலாம் என்று கேட்டார். முதல் மருந்தை எப்போது அடிப்பீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "புழு கண்ணுல படற வரைக்கும் பொறுத்துப் பாக்கறனுங்க மாப்ளே" என்றார். அதுவரைக்கும் பாதி வயலையாவது மருந்தில்லாமல் விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன். கப்களை எடுத்துக்கொண்டு நானும் கீழே இறங்குகிறேன்.