லெனாக்ஸ்வில்லில் இரண்டு இரவு: பிஷப்ஸ் பல்கலைக்கழகத்தின் கோடைகால அறை

மகள் கனடாவின் கியூபெக் மாகாணத்தில், லெனாக்ஸ்வில்லில் இருக்கிற பிஷப்ஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள், அதனால் போன ஜூலையில் குடும்பமாகப் போய் இரண்டு இரவு அந்த வளாகத்திலேயே தங்கினோம். மாணவர்கள் கோடை விடுமுறைக்குப் போனபிறகு விடுதி அறைகளை வெளியாட்களுக்கும் வாடகைக்கு விடுகிறார்கள், பலருக்கு இது தெரியாது. மொன்றியலில் இருந்து நெடுஞ்சாலை 10 வழியாகக் காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

அறை, மாணவர் அறைதான். கட்டில், மேசை, அலமாரி, ஒரு ஜன்னல். ஹோட்டல் வசதிகளை நினைத்துப் போகாதீர்கள். சுத்தமாக இருந்தது, ராத்திரி சத்தமே இல்லை. மகள் அந்த மேசையில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி வெகுநேரம் பேசாமல் இருந்தாள், அதற்காகவே இங்கே தங்கியது சரி என்று பட்டது.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது சாவி வாங்கின இடத்தைப் பற்றி. என் மனைவி மாலை வகுப்புக்குப் போய்ப் பிரெஞ்சு படித்தவள், வேலை முடிந்து களைத்து வந்தும் ஒரு வகுப்பைக்கூட விட்டதில்லை. முன்பு வேறொரு ஊரில் ஒரு ஹோட்டலில் அவள் பிரெஞ்சில் கேட்க, அங்கிருந்தவர் உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார். நல்லெண்ணமாகவே இருக்கலாம், ஆனால் அன்று முழுக்க அவள் வாயே திறக்கவில்லை. இங்கே வரவேற்பு மேசையில் இருந்த மாணவியிடம் அவள் பிரெஞ்சில் தட்டுத்தடுமாறி அறை எண்ணைக் கேட்டாள், பிரெஞ்சிலேயே நிதானமாகப் பதில் வந்தது. நடுவில் நான் காரை எங்கே விடுவது என்று ஆங்கிலத்தில் கேட்டேன், எனக்கு ஆங்கிலத்தில் பதில். அப்புறம் மனைவி பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து மறுபடி பிரெஞ்சு. முகத்தில் ஒரு சுளிப்பில்லை, அவசரமில்லை. சாவியை வாங்கும்போது மனைவி சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

வெளியே குயின் வீதியிலும் அப்படித்தான். காப்பிக்கு வரிசையில் நின்றபோது முன்னால் ஒரு முதியவர் ஆங்கிலத்தில் கேட்கிறார், கடைப்பெண் பிரெஞ்சில் சொல்கிறாள், இருவரும் தத்தம் மொழியிலேயே பேசி முடிக்கிறார்கள், முதியவர் சில்லறை வாங்கிக்கொண்டு போகிறார். லெனாக்ஸ்வில் தனி ஊராக இருந்தது. 2002 ஜனவரி 1 அன்று சுற்றியிருந்த மற்ற ஊர்களோடு சேர்த்து இதையும் ஷெர்புரூக் நகரத்தோடு இணைத்துவிட்டார்கள், இப்போது அது நகரத்தின் ஒரு வட்டாரம். ஷெர்புரூக் பெரும்பாலும் பிரெஞ்சு பேசும் நகரம், அங்கே உள்ள பெரிய பல்கலைக்கழகமும் பிரெஞ்சில்தான். நடுவில் 1843இல் தொடங்கிய பிஷப்ஸ் ஆங்கிலத்தில் நடக்கிறது, அதே வளாகத்தில் ஷாம்ப்ளேன் கல்லூரியும் இருக்கிறது. ஆண்டுதோறும் புதுப் பிள்ளைகள் ஆங்கிலத்தோடு வந்து இறங்குகிற ஊரில் கடைக்காரர்களுக்கு இரண்டு மொழியும் கைவந்துவிடுகிறது என்று நினைக்கிறேன். நகராட்சி கைமாறியும் இந்தப் பழக்கம் போகவில்லை, எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது.

வளாகத்துக்குள் செயின்ட் மார்க்ஸ் தேவாலயத்தைப் பாருங்கள், உள்ளே மரச் செதுக்கு வேலை அவ்வளவு அழகு. மாசாவிப்பி ஆறு செயின்ட் பிரான்சிஸ் ஆற்றோடு சேருகிற ஊர் இது, மாலையில் ஆற்றோரம் நடக்க நன்றாக இருக்கும். நகரப் பஸ் வளாகம் வரை வருவதால் கார் இல்லாதவர்களும் ஷெர்புரூக்கில் இருந்து வரலாம்.

சாப்பாட்டுக்கு நாங்கள் முதல் நாள் இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு போனோம், நல்லதாகப் போயிற்று. அடுத்த கோடையிலும் இங்கேதான் தங்கப்போகிறோம். இந்தத் தடவை அறையை முன்பதிவு செய்ய மனைவியே போனில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறாள், பிரெஞ்சில்.