சிறிய விமான நிறுவனத்தில் துணை விமானியாகச் சேரும் முன்: '70 மணி நேர உறுதி'யும் என் சம்பளமும்

வணிக விமானி உரிமத்துக்காக 200 மணி நேரம் பறந்து முடித்துவிட்டு, எந்த நிறுவனமும் கூப்பிடாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும், அவர்களுக்காகக் கடன் வாங்கிய பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். சிறு நகரங்களுக்கு ஏடிஆர் 72 விமானங்களை இயக்கும் ஒரு பிராந்திய விமான நிறுவனத்தில் துணை விமானியாக வேலை பார்த்தேன். நான்கு மாதச் சம்பளம் இன்னும் வர வேண்டியிருக்கிறது. சம்பளப் பாக்கி தொழிலாளர் துறையிலும் காசோலை விவகாரம் நீதிமன்றத்திலும் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. பெயர் தெரிந்தும் உங்களுக்குப் பெரிய பயன் இல்லை. இதே வாசகங்கள் வேறு நிறுவனங்களின் பணி நியமனக் கடிதங்களிலும் அப்படியே இருப்பதைப் பிறகு பார்த்தேன்.

கடிதத்தில் மாதச் சம்பளம் 1,50,000 ரூபாய். அதைப் பிரித்தால் நிலையான சம்பளம் 45,000. மீதி 1,05,000 ரூபாய் பறக்கும் நேரத்துக்கான படித்தொகை: மணிக்கு 1,500 வீதம் 70 மணி நேரத்துக்கு. "குறைவாகப் பறந்தாலும் 70 மணி நேரம் உறுதி" என்று நேர்காணலில் சொன்னார்கள். கடிதத்திலும் அது இருந்தது, "நிறுவனத்தின் அவ்வப்போதைய கொள்கைக்கு உட்பட்டு" என்ற தொடருடன். சேர்ந்த ஆறாவது மாதத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. கொள்கை மாறிவிட்டதாம், இனி பறந்த நேரத்துக்கு மட்டுமே படி. மூன்று வரி மின்னஞ்சலில் சம்பளத்தின் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இருந்த உறுதி காற்றில் போயிற்று.

பெரிய ஜெட் விமானங்களில் பறப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு அவ்வளவு வலிக்காது. டெல்லிக்கு ஒரு முறை போய்த் திரும்பினாலே ஐந்து மணி நேரம் ஏறிவிடும். பிராந்திய விமானத்தில் கணக்கே வேறு. படி கொடுப்பது, விமானம் நகராமலிருக்கச் சக்கரத்தடியில் வைக்கும் கட்டையை எடுத்த நேரத்திலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைக்கும் நேரம் வரைக்கும்தான். எங்கள் தடங்கள் ஒவ்வொன்றும் 50 நிமிடம், ஒரு மணி நேரம். அதிகாலை ஐந்து மணிக்கு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். மது அருந்தவில்லை என்று ஊதிக் காட்டி, வானிலை, எரிபொருள், எடைக் கணக்கெல்லாம் பார்த்துத் தயாராக வேண்டும். போகிற ஊரில் கருவி வழித் தரையிறங்கும் வசதி இல்லை. கண்பார்வை விதிகளின்படி இறங்க 5 கிலோமீட்டர் தொலைவு தெளிவாகத் தெரிய வேண்டும். மார்கழி, தை மாதங்களில் பனிமூட்டம் விலக எட்டரை, ஒன்பது ஆகும். அதுவரை பயணிகள் காத்திருப்பார்கள், நாங்களும் காத்திருப்போம். முதல் பயணம் தாமதமானால் அன்றைய நான்கு பயணங்களும் தாமதம். மாலை வீடு திரும்பும்போது பணி நேரம் பத்து மணி நேரத்தைத் தொட்டிருக்கும். பறந்த நேரம் மூன்றரை மணி. ஆட்டோ மீட்டரில் காத்திருப்புக்கும் கட்டணம் உண்டு. எங்களுக்கு அதுவும் இல்லை.

வேறொரு ஊரில் நிற்கும் விமானத்தை எடுத்து வரப் பயணி இருக்கையில் அமர்ந்து போவோம். அது விதிப்படி பணி நேரம்தான், ஆனால் பறந்த நேரம் ஆகாது, படி கிடையாது. கூப்பிட்டால் உடனே வர வேண்டும் என்று வீட்டில் காத்திருக்கும் ஸ்டாண்ட்பை நாளுக்கும் கிடையாது. இருந்த விமானங்களில் ஒன்று இயந்திரப் பழுதால் தரையில் நின்றது. உதிரிபாகம் வாங்கப் பணம் இல்லாததால் அதிலிருந்து பாகங்களைக் கழற்றி மற்ற விமானங்களுக்குப் பொருத்தத் தொடங்கினார்கள். அந்த விமானம் இனி எழாது என்பது பராமரிப்புப் பொறியாளர்களின் முகத்திலேயே தெரிந்தது. அந்த மாதம் நான் பறந்தது 31 மணி நேரம். நிலையான சம்பளத்துடன் சேர்த்து 91,500 ரூபாய். அதில் 'பாதுகாப்பு வைப்புத் தொகை' என்று 25,000 பிடித்தம். வரியும் வருங்கால வைப்பு நிதியும் போகக் கைக்கு வந்தது அறுபதாயிரத்துக்குச் சற்று மேல். பயிற்சிக்காக வாங்கிய கடனுக்கு மாதத் தவணை ஏறக்குறைய 90,000.

அந்த வைப்புத் தொகைக்குப் பின்னால் இருந்த பத்திரத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஏடிஆர் ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங் பயிற்சிக்கு 18 லட்சம் ரூபாயை நானே கட்டியிருந்தேன். நிறுவனம் ஒரு ரூபாய் போடவில்லை. இருந்தும் 'பயிற்சிச் செலவு' என்று 15 லட்சம் ரூபாய்க்கு மூன்றாண்டு ஒப்பந்தப் பத்திரம், அதற்கு ஈடாகத் தேதியிடாத காசோலைகள். எந்தப் பயிற்சி என்று கேட்டேன். மூத்த கேப்டனின் மேற்பார்வையில் பயணிகளுடன் பறக்கும் ஆரம்பப் பயணங்களாம். பயணிகளிடம் டிக்கெட்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு இயக்கிய அதே பயணங்கள். "எல்லோரும் போடுவதுதான், இதெல்லாம் சம்பிரதாயம் கேப்டன்" என்றார் மனிதவள அதிகாரி. இந்தத் துறையில் துணை விமானியையும் கேப்டன் என்றுதான் அழைப்பார்கள். சம்பளம் வராத மாதங்களிலும் அந்த மரியாதையில் குறை வைக்கவில்லை.

பிறகு சம்பளமே தள்ளிப்போக ஆரம்பித்தது. முதலில் ஏழாம் தேதி பதினைந்தாம் தேதியானது. அப்புறம் பாதிச் சம்பளம். அப்புறம் "முதலீட்டாளருடன் பேச்சு நடக்கிறது" என்ற மின்னஞ்சல் மட்டும். இதைவிட மோசமானது சம்பளச் சீட்டில் கண்ணுக்குத் தெரியாமல் நடந்தது. வருங்கால வைப்பு நிதிக்கும் வருமான வரிக்கும் மாதாமாதம் பிடித்திருந்தார்கள். என் வைப்பு நிதிக் கணக்கைத் திறந்து பார்த்தபோது பல மாதங்களுக்கு ஒரு பைசா கட்டப்படவில்லை. நம் பெயரில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் வருமான வரித் துறையின் 26ஏஎஸ் படிவத்திலும் அப்படியே. பிடித்த வரியை நிறுவனம் கட்டாவிட்டால் அதை ஊழியரிடம் மறுபடி வசூலிக்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் கணக்கில் வரவாகாத வரிக்குக் கணினி நோட்டீஸ் அனுப்பத்தான் செய்கிறது. பிடித்ததற்குச் சான்று சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கு விவரமும்தான். சம்பளச் சீட்டை அலுவலக மின்னஞ்சலில் மட்டும் வைத்திருந்த நண்பர் ஒருவர், வேலையை விட்ட மறுநாள் கணக்கு முடக்கப்பட்டதால் இன்றும் அல்லாடிக்கொண்டிருக்கிறார். சொந்த மின்னஞ்சலுக்கு மாதாமாதம் அனுப்பி வைத்துவிடுங்கள்.

பணம் மட்டும் குறைந்திருந்தால் பொறுத்திருப்பேனோ என்னவோ. வெளியூரில் இரவு தங்க முதலில் நல்ல ஓட்டல் அறை கொடுத்தார்கள். ஓட்டலுக்குப் பாக்கி ஏறியதும் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு விடுதிக்கு மாற்றினார்கள். இரவு முழுக்க ஹாரன், மின்சாரம் போனால் விசிறியும் நின்றுவிடும். விமானப் பணியாளர் தங்கும் அறையில் காற்றோட்டம் இருக்க வேண்டும், இரைச்சல் குறைவாக இருக்க வேண்டும், வெளிச்சத்தையும் வெப்பத்தையும் கட்டுப்படுத்த வசதி வேண்டும் என்று விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதி தெளிவாகச் சொல்கிறது. தாளில் எங்களுக்கு எப்போதும் முழு ஓய்வுதான். வார ஓய்வு அப்போது 36 மணி நேரம். 2024 ஜனவரியில் வந்த திருத்தம் அதை 48 மணி நேரமாக்கி, 2025 ஜூலையிலிருந்து நடைமுறைக்கு வந்திருக்கிறது. அந்த ஓய்வு எந்த நாளில் விழும் என்பது முந்தின நாள் இரவுவரை தெரியாது. வீட்டு விசேஷம் எதற்கும் வருகிறேன் என்று வாக்குக் கொடுக்கவே பயமாக இருக்கும்.

ஏடிஆர் விமானத்தில் துணை மின் இயந்திரம் தனியாக இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தரையில் நிற்கும்போது வலப்பக்க இயந்திரத்தின் சுழலியைப் பூட்டிவிட்டு, இயந்திரத்தை மட்டும் ஓடவிட்டுக் குளிர்காற்றும் மின்சாரமும் பெறலாம். அதற்கு எரிபொருள் செலவாகும் என்று வாய்மொழியாகத் தடை போட்டார்கள். மே மாதத்தில், தகிக்கும் தளத்தில், சட்டை நனைய அடுத்த பயணத்துக்கான சோதனைப் பட்டியலைப் படித்திருக்கிறேன். பயணிகள் எங்களைத் திட்டுவார்கள். அவர்கள் மேல் குற்றம் இல்லை.

இதையெல்லாம் ஏன் சகித்துக்கொள்கிறார்கள் என்று வெளியில் இருப்பவர்கள் கேட்பார்கள். கேப்டன் ஆவதற்கான உரிமத்துக்கு 1,500 மணி நேரம் வேண்டும். அந்த மணிகளைச் சேர்க்க வேறு இடம் கிடைப்பது அரிது. நிறுவனத்துக்கும் அது தெரியும். அமெரிக்காவிலும் நெடுங்காலம் இதே கதைதான். 2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் நிறுவனத்தின் டேஷ் 8 விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் துணை விமானியின் சம்பளம் ஆண்டுக்குச் சுமார் 16,000 டாலர் என்பதும், முந்தைய இரவு நாட்டின் மறுகோடியில் இருந்து விமானங்களில் பயணம் செய்து வேலைக்கு வந்தவர் என்பதும் விசாரணையில் வெளியானபோதுதான் அந்த நாடு இந்தப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டது. விபத்துக்கு நேரடிக் காரணம் வேறு: வேகம் குறைந்த எச்சரிக்கை வந்தபோது கேப்டன் தவறாகக் கையாண்டார். ஆனாலும் ஓய்வு விதிகளும் 1,500 மணி நேர நிபந்தனையும் அங்கே கடுமையானது அதற்குப் பிறகுதான்.

நம் ஊரில் சிறு நிறுவனங்கள் விழுவது புதிதல்ல. சென்னையைத் தளமாகக் கொண்ட பாரமவுண்ட் 2010-இல் பறப்பதை நிறுத்தியது. கோவையின் ஏர் கார்னிவல் 2016-இல் தொடங்கி 2017-இலேயே முடிந்தது. விஜயவாடாவின் ஏர் கோஸ்டாவும் அதே 2017-இல் நின்றது. சிறு நகரங்களை விமானத்தால் இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டத்தின் முதல் விமானம் 2017 ஏப்ரலில் பறந்தபோது, ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்ற வரம்பும், நஷ்டத்தை ஈடுகட்ட மூன்றாண்டு அரசு மானியமும் இருந்தன. மூன்றாண்டு முடிந்ததும் அந்தத் தடம் சொந்தக் காலில் நிற்குமா என்பதை யோசித்துவிட்டு வேலையில் சேருங்கள். ஒரு நிறுவனத்தின் தடங்களில் பெரும்பகுதி மானியத் தடங்களாக இருந்தால், மூன்றாண்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது அந்த நிறுவனம் மூன்றாண்டு இருக்கும் என்று நீங்கள் பந்தயம் கட்டுகிறீர்கள்.

விலகுவது சேர்வதைவிடக் கடினம். 2017-இல் டிஜிசிஏ கொண்டுவந்த விதிப்படி துணை விமானி ஆறு மாதமும் கேப்டன் ஓராண்டும் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். நிறுவனம் தடையின்மைச் சான்று தந்தால் மட்டுமே முன்னதாகப் போகலாம். சம்பளத்தை ஒழுங்காகத் தராத நிறுவனம் அந்த ஆறு மாதமும் என்னைப் பிடித்து வைத்தது. பறக்கவும் அனுப்பவில்லை. 90 நாளில் மூன்று முறையாவது ஏற்றி இறக்காவிட்டால் பயணிகளுடன் பறக்கும் தகுதி போய்விடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை திறன் சோதனையும் உண்டு. இரண்டும் காலாவதியாகி, மறுபடி சிமுலேட்டர் செலவு என் தலையில் விழுந்தது. போதாததற்குப் பத்திரத்தை மீறிவிட்டேன் என்று காசோலையில் தேதியிட்டு வங்கியில் போட்டார்கள். பணம் இல்லாமல் திரும்பிய காசோலை குற்றவழக்கு. பாதுகாப்புக்காகக் கொடுத்தது என்று சொல்வதால் மட்டும் அதிலிருந்து வெளியே வர முடியாது. கடனே இல்லை என்று நிரூபிக்கும் சுமை நம்மீது விழுகிறது. டைப் ரேட்டிங் கட்டணத்தை நானே கட்டிய ரசீது இப்போது அந்த வழக்கில் எனக்கிருக்கும் முக்கியமான ஆவணம்.

திவால் சட்டத்தில் போகலாமே என்று சிலர் யோசனை சொன்னார்கள். 2020 மார்ச்சில் அதற்கான குறைந்தபட்சப் பாக்கியை ஒரு லட்சத்திலிருந்து ஒரு கோடி ரூபாயாக உயர்த்திவிட்டார்கள். தனியொரு துணை விமானியின் சம்பளப் பாக்கி அந்த எல்லையை எட்டாது. வேறு யாராவது கடன்காரர் நிறுவனத்தைத் திவாலுக்குக் கொண்டுபோனால், ஊழியர்கள் தங்கள் பாக்கியை உரிய படிவத்தில் காலத்துக்குள் பதிவு செய்யலாம். பிணை பெற்றுக் கடன் கொடுத்த வங்கிகளுக்குப் பிறகுதான் பெரும்பாலும் நம் வரிசை.

கையில் நியமனக் கடிதம் இருப்பவர்கள் கையெழுத்துக்கு முன் சிலவற்றை எழுத்தில் கேளுங்கள். 'கொள்கைக்கு உட்பட்டு' என்ற தொடரை நீக்கி, உறுதியளித்த மணி நேரத்தை ஒப்பந்தக் காலம் முழுமைக்கும் எழுதித் தரச் சொல்லுங்கள். நிறுவனம் உண்மையில் செலவிட்ட தொகைக்கு மட்டும் பத்திரம், அதுவும் மாதாமாதம் குறைந்துகொண்டே வரும்படி. இரண்டு மாதம் சம்பளம் வராவிட்டால் தடையின்மைச் சான்று தானாகவே தரப்பட வேண்டும் என்ற ஒரு வரி. வெற்றுக் காசோலை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். நிறுவனத்தின் எத்தனை விமானங்கள் இன்று பறக்கின்றன என்பதை மனிதவள அதிகாரியிடம் கேட்க வேண்டியதில்லை. விமானங்களைப் பின்தொடரும் செயலியில் ஒரு வாரம் பார்த்தாலே தெரிந்துவிடும். அங்கே வேலை செய்யும் துணை விமானி ஒருவரைப் பிடித்து, போன மாதச் சம்பளம் எந்தத் தேதியில் வந்தது, வைப்பு நிதி கட்டியிருக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள்.

என்னோடு அங்கே வேலை பார்த்து இன்னும் பாக்கிக்குக் காத்திருப்பவர்கள் இருந்தால் தனிச் செய்தி அனுப்புங்கள். தொழிலாளர் துறையில் மனுக்களைச் சேர்த்து விசாரிக்கக் கேட்கலாம் என்று எங்கள் வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். சம்பளச் சீட்டு, பறந்த நேரப் பதிவேட்டின் நகல், அந்த மூன்று வரி மின்னஞ்சல் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.