நோர்வே மலையில் ஹித்தை (விடுமுறைக் குடில்) வாடகைக்கு எடுக்கிறவர்கள் கவனம்: 'தண்ணீர் உண்டு' என்றால் எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள்

குளிர்கால விடுமுறைக்கு இப்பவே ஹித்தை தேடத் தொடங்கியிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். போன பெப்ரவரியில் த்ரீசில் என்ற பனிச்சறுக்கு மலைப் பக்கம் ஒரு கிழமைக்கு 14,500 குரோனர் கட்டிப் போய், இரண்டு இரவோடு வீட்டுக்குத் திரும்பி வந்தோம். ஒரு சதம்கூடத் திரும்பக் கிடைக்கவில்லை. காசு போனது ஒரு பக்கம், 71 வயது அம்மாவை அந்தக் குளிரில் படுத்திய பாடு இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

ஒஸ்லோப் பள்ளிக்கூடங்களுக்கு வருஷத்தின் எட்டாவது கிழமைதான் விடுமுறை என்பது உங்களுக்குத் தெரியும். எல்லோரும் அதே கிழமையில்தான் மலைக்குப் போவார்கள், சறுக்குப் பாதைக்குப் பக்கத்தில் இருக்கிற நல்ல ஹித்தைகள் அதற்கு முந்தின வருஷ இலையுதிர் காலத்திலேயே போய்விடும். நாங்கள் ஜனவரியில்தான் தேடத் தொடங்கினோம். வாடகை விளம்பரத் தளம் ஒன்றில் இது கண்ணில் பட்டது. எட்டுப் பேர் படுக்கலாம், தண்ணீர், மின்சாரம், விறகு அடுப்பு, கார் நிறுத்த இடம், சறுக்குப் பாதைக்குக் காரில் பத்து நிமிடம் என்று எழுதியிருந்தது. படங்கள் அவ்வளவு வடிவு. பச்சைப் புல், பின்னால் ஏரி, விறாந்தையில் பூச்சாடி. எல்லாமே கோடையில் எடுத்த படங்கள். ஒரு படத்தில்கூடப் பனி இல்லை என்பது எங்கள் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

தளத்தினூடாகப் பதிவு செய்த அடுத்த நாள் ஹித்தையின் வீட்டுக்காரர் செய்தி அனுப்பினார். அங்கே பதிவை ரத்துச் செய்துவிட்டு நேரே என் கணக்குக்குப் போடுங்கள், 1,500 குரோனர் குறைத்துத் தருகிறேன் என்றார். என் கணவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். அக்கா குடும்பமும் வருகிறது, எல்லோருக்கும் செலவு குறையுமே என்று நான்தான் சம்மதித்தேன். தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். ரத்துச் செய்த அந்த நிமிடத்தோடு எங்களுக்கிருந்த பாதுகாப்பு எல்லாம் போய்விட்டது.

ஒஸ்லோவில் இருந்து எல்வெரும் வழியாக இருநூறு கிலோமீற்றருக்கு மேல் ஓட்டம். போய்ச் சேர நன்றாக இருட்டிவிட்டது. ஜிபிஎஸ் காட்டிய பாதை ஓரிடத்தில் ஆள் உயரப் பனி மதில் ஒன்றில் முட்டி நின்றது. பக்கத்தில் நாலைந்து கார் நிற்கிற அளவுக்கு வழித்த இடம், ஒரு பலகையில் 'விந்தர்பார்க்கெரிங்', அதாவது குளிர்காலத்தில் கார் நிறுத்துகிற இடம். வீட்டுக்காரருக்குப் போன் எடுத்தால், "ஓம், அங்கேதான் விடவேண்டும், மேலே 900 மீற்றர்தான், நடந்து போங்கள்" என்று மிகச் சாதாரணமாகச் சொல்கிறார். மைனஸ் 19. ஏற்றம். பாதை என்று இருந்தது பனி ஸ்கூட்டர் போன தடம் மட்டும்தான். அம்மாவுக்கு முழங்கால் ஏலாது. பிள்ளைகளின் பிளாஸ்டிக் சறுக்குப் பலகையில் அவவை இருத்தி, போர்வையால் சுற்றி, இவரும் அத்தானும் கயிறு கட்டி இழுத்தார்கள். அம்மா புட்டுப் பானையை மடியில் அணைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் இருந்தா. சாமான் எடுக்க அதன் பிறகு இரண்டு தரம் ஏறி இறங்கினோம்.

உள்ளே போய்க் குசினிக் குழாயைத் திறந்தேன். சொட்டுத் தண்ணீர் இல்லை, குழாயில் காற்றுச் சத்தம்கூட இல்லை. திரும்பவும் போன். "விளம்பரத்தில் தண்ணீர் என்றுதானே போட்டேன், அது சொம்மர்வன்" என்றார். அதாவது கோடைத் தண்ணீர். குழாயை ஆழமாகப் புதைக்காமலும் வெப்பக் கம்பி போடாமலும் மேலாக இழுத்திருப்பார்கள், உறைந்து வெடித்துவிடும் என்பதால் இலையுதிர் காலத்திலேயே தண்ணீரை வடித்துப் பூட்டிவிடுவார்கள். பழைய ஹித்தைகளில் இது சாதாரணம், அதில் பிழை இல்லை. பெப்ரவரியில் வாடகைக்கு விடுகிறவர் அதை மறைத்ததுதான் பிழை.

குழாய்த் தண்ணீர் இல்லாததோடு மலசலகூடமும் வெளியில்தான். முப்பது அடி தள்ளி ஒரு பலகைக் கொட்டில், உள்ளே ஓட்டை வெட்டிய பலகை, குளிர் பிடிக்காமல் இருக்க அதன் மேல் வெள்ளை ரெஜிபோம் இருக்கை. இரவில் அம்மா எழும்பும்போதெல்லாம் நானோ அக்காவோ லைற்றைப் பிடித்துக்கொண்டு கூடப் போனோம். இரண்டாம் தரம் அவ, "பிள்ளை, நான் தண்ணி குடிக்கிறதை விட்டிடுறன்" என்றா. உண்மையாகவே குடிக்காமல் இருந்தா. அதற்குப் பிறகு அங்கே இருக்க எனக்கு மனமில்லை.

பனி உருக்கிப் பார்த்தோம். பெரிய பானை நிறைய அமத்தி அள்ளி வைத்தாலும் அடியில் கொஞ்சத் தண்ணீர்தான் வரும், அதிலும் பைன் ஊசியும் புகை வாசமும். ஒன்பது பேருக்குத் தேத்தண்ணீர் வைக்கவே ஒரு மணித்தியாலம் போனது. எட்டுப் படுக்கை என்றதில் நாலு, ஏணி வைத்து ஏறுகிற தட்டில் போட்ட மெத்தை.

மூன்றாம் நாள் காலை கிளம்பினோம். காசு தரமாட்டேன் என்றார். அதுமட்டுமில்லை, கழுவித் துடைக்காமல் போனதற்கு 2,200 குரோனர் வேண்டும் என்று செய்தியும் அனுப்பினார். துடைக்கத் தண்ணீரே இல்லாத வீட்டுக்கு! அதை நாங்கள் கட்டவில்லை. தளத்தில் முறையிட்டால், ரத்தான பதிவு, எங்களால் ஒன்றும் செய்யமுடியாது என்றார்கள். நாங்களே விரும்பி அனுப்பிய காசு, திருப்பி எடுக்க வழியில்லை என்று வங்கியும் கையை விரித்தது. தளத்தினூடாகக் கடனட்டையில் கட்டியிருந்தால் அட்டை தந்தவர்களிடமாவது கேட்டிருக்கலாம்.

ஆகவே பதிவு செய்ய முன் எழுத்தில் கேளுங்கள், நோர்வேஜியத்திலேயே கேளுங்கள். 'இன்லாக்ட் வன்' (வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர்) வருஷம் முழுக்க இருக்கிறதா? மலசலகூடம் வீட்டுக்குள்ளேயா? வாசல் வரை 'ஹேலோர்ஸ்வெய்' (வருஷம் முழுக்கக் கார் போகிற பாதை) இருக்கிறதா, இல்லையென்றால் குளிர்காலத்தில் கார் நிற்கிற இடத்தில் இருந்து எத்தனை மீற்றர், ஏற்றமா? கட்டில் விரிப்பும் கடைசிக் கழுவலும் பெரும்பாலும் வாடகைக்குள் வராது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சரியான முகவரியைக் காசு கட்ட முன்னமே வாங்கி வரைபடத்தில் பாருங்கள். எங்களுக்கு அது வெளிக்கிட்ட அன்றுதான் வந்தது.

த்ரீசில் மலையில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. இடையில் கிடைத்த ஒரே ஒரு பகலில் பிள்ளைகள் சறுக்கிவிட்டு வந்த சந்தோஷத்தைப் பார்த்துத்தான் இந்த முறையும் போகிறோம். வேறு ஆளின் ஹித்தை, தளத்தினூடாகவே பதிவு. தண்ணீரைப் பற்றிக் கேட்டதும் அந்த மனுசி ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்பினா. யன்னலுக்கு வெளியே இந்தக் கிழமை விழுந்த முதல் பனி, உள்ளே குழாயில் இருந்து தண்ணீர் ஓடுகிறது. அம்மாவுக்குக் காட்டினேன், இன்னொரு தரம் போடு என்று கேட்டு வாங்கிப் பார்த்தா.